தோற்றம், மறைவு, மறைத்தவர்

மேலக் கம்பெனியின் மேற்குச் சுவரில் செத்தவர்கள் வெளியே வரத் தொடங்குவதற்கு முன்பு கரட்டாங்குளத்தில் சண்முகக்கனி டீச்சரைத் தவிர வேறு யாரும் அவர்களைத் தேடவில்லை. அவளும்கூடச் செத்தவர்களைத் தேடவில்லை, தன்னைப் பெற்றவளை, செத்தாளா இருக்கிறாளா என்று தெரியாத ஒருத்தியைத்தான் தேடினாள், அதையும் பாசத்தில் தேடவில்லை, கோபத்தில் தேடினாள்.

அவள் தாய் வெயிலுகந்தாள், மேலக் கம்பெனி என்ற அந்தத் தீப்பெட்டிக் கம்பெனியில் தீக்குச்சிகளைச் சட்டத்தில் செருகிக் கட்டை அடுக்கப் போன ஒரு பங்குனி மாதக் காலையில், அப்படியே ஒரு லாரி டிரைவரோடு ஓடிப்போய்விட்டாள் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த கதை. கனி அப்போது நடந்து பழகிய பிள்ளை. தாயின் போட்டோ என்று வீட்டில் ஒன்று இல்லை, கட்டிய சேலை என்று ஒன்று இல்லை, கேட்டால் அப்பா கோட்டைச்சாமி எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஓடுகாலி மகள் என்ற பேர் மட்டும் இருந்தது. அந்தப் பேர் அவளோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தது, கல்யாணப் பந்தலுக்கு வந்தது, அவள் அதே ஊரின் பள்ளிக்கூடத்தில் டீச்சரான பிறகும் பிள்ளைகளை விட்டுப்போக வரும் தாய்மாரின் வாயில் ஒட்டிக்கொண்டு வந்தது. அத்தனையையும் பொறுத்தவளால் மகள் கயல்விழியைப் பெண் கேட்டு வந்தவர்களைப் பொறுக்க முடியவில்லை. மாப்பிள்ளையின் பெரிய மாமா காபியைக் குடித்துக்கொண்டே பூர்வீகம் விசாரித்தார். பெண்ணோட அம்மாவைப் பெற்றவக எந்த ஊர், இருக்காகளா, காலமாயிட்டாகளா, எப்பக் காலமானாக என்று கேட்டார். கனி தெரியாது என்றாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நல்லது என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து போன் வரவேயில்லை.

அன்றைக்கே கனி முடிவு செய்தாள். இருந்தால் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நடுத் தெருவில் நிறுத்த வேண்டும். செத்திருந்தால் அதை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும்.

நகராட்சியின் பிறப்பு இறப்புப் பிரிவில் அவள் தாயின் பேர் இல்லை. பெரியாஸ்பத்திரியில் அந்தக் காலத்துப் பதிவுகளைக் கறையான் தின்றிருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் ஓடிப்போனவர்களைப் பற்றிப் புகார் கொடுத்தவர்களின் பேர்கள்தான் இருக்கும், ஓடிப்போனவர்களின் பேர்கள் இருக்காது என்றார்கள், புகார் கொடுத்தவர்களிலும் கோட்டைச்சாமி இல்லை. கனி லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போய் ஒரு பத்திரிகை ஆபீசின் பின்னறையில் உட்கார்ந்து பழைய தாள்களின் காலமானார் பகுதியை வருஷம் வருஷமாகப் புரட்டினாள். ஓய்வுபெற்ற தாசில்தார்கள் காலமாகியிருந்தார்கள், நகைக்கடைக்காரர்களின் மாமனார்கள் காலமாகியிருந்தார்கள், மில் முதலாளிகளின் தாயார்கள் பேரன் பேத்திகள் புடைசூழக் காலமாகியிருந்தார்கள். கூலிக்குப் போன ஒருத்திகூடக் காலமாகியிருக்கவில்லை. காலமாவதற்கும் ஒரு தகுதி வேண்டும்போல என்று அவள் அந்தத் தாள்களை அடித்து மூடியதில் தூசி கிளம்பி, காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் தும்மினார். கடைசியில் நகராட்சியில் அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், முத்திரையும் கையெழுத்துமாக, இப்படி ஒரு இறப்பு எங்களிடம் பதிவாகவில்லை என்பதற்கான சான்றிதழ். இதை வைத்து என்ன செய்ய என்று கேட்டாள். சில பேருக்குத் தேவைப்படும் என்றார்கள்.

பிறகு அவள் வீடு வீடாகப் போனாள். அம்மாவோடு கட்டை அடுக்கியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கப் போனவள், போன வீடுகளிலெல்லாம் ஒரே கதையைக் கேட்டாள். எங்கம்மாவும் ஓடிப்போயிட்டா டீச்சர், வளையல்காரன்கூட. எங்க பெரியம்மா பம்பாய்க்கு ஓடிட்டாக. எங்க அத்தை கல்யாணமாகாத பிள்ளை, சர்க்கஸ்காரன்கூடப் போயிட்டான்னு சொல்வாக. எல்லாம் அதே வருஷம், அதே பங்குனி. ஒரே வாரத்தில் இத்தனை பெண்கள் ஓடிப்போன ஊர் உலகத்தில் வேறெங்கும் இருக்க முடியாது. அதை அந்த ஊரில் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் வெளியே சொல்லவில்லை. தெருவில் நின்றபடியே கனி ஓடிப்போனவர்களை விரல்விட்டு எண்ணினாள். பள்ளிக்கூடக் கணக்கு என்று எதிரே வந்தவர்கள் நினைத்தார்கள்.

சித்திரை பிறந்து, வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மேலக் கம்பெனிக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேற்குச் சுவரிலிருந்து ஒரு போஸ்டர் வெளியே வந்தது. யாரும் ஒட்டவில்லை. உடம்பில் வேர்வை வருவதுபோல, மழைக்குப் பிறகு சுவரில் ஓதம் ஏறுவதுபோல, உள்ளேயிருந்து முதலில் கறுப்புக் கட்டம் வந்தது, பிறகு கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து வந்தது, பிறகு தலைநிறையப் பூ வைத்த ஒரு பெண்ணின் முகம் வந்தது, கடைசியாகப் பேரும் தோற்றமும் மறைவும் வந்தன. பேர் இருளாயி. மறைவு அந்த வருஷத்துப் பங்குனி. பஸ் வந்தது, பாதிப் பேர் ஏறிப் போனார்கள், மீதிப் பேர் அடுத்த பஸ்ஸுக்குப் போய்க்கொள்ளலாம் என்று நின்று படித்தார்கள். மறுநாள் மத்தியானம் பக்கத்திலேயே இன்னொன்று வந்தது.

ஊர் அதை ஏற்றுக்கொண்டது, மின்வெட்டை ஏற்றுக்கொண்டதுபோல. டீக்கடைக்காரர் பெஞ்சைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். போஸ்டர் ஒட்டும் பையன்கள் நல்ல சுவர் ஒன்று கைவிட்டுப் போய்விட்டதே என்று சலித்துக்கொண்டார்கள். ஒரு கட்சிக்காரர் தலைவரின் பிறந்தநாள் போஸ்டரை அவற்றின்மேல் ஒட்டிப் பார்த்தார், மத்தியானத்துக்குள் தலைவரின் முகம் மெல்லக் கரைந்து கட்டை அடுக்கிய ஒரு கிழவியின் முகமாக மாற, அவரே வந்து கிழித்துக்கொண்டு போனார். பசை ருசிக்காகப் போஸ்டர் தின்னும் ஆடுகள் இவற்றை ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டு, பசை இல்லாததால் அடுத்த சுவருக்குப் போயின. ஊரில் இருந்த ஒரே அச்சகத்துக்காரரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தது. அவர் எழுத்தைப் பார்த்துவிட்டு இந்த அச்சு என்னிடம் இல்லை, இந்த மாதிரிக் கறுப்பு மையும் எங்கும் கிடைக்காது என்று சொல்ல, சரி என்று அனுப்பிவிட்டார்கள். சுற்றுப்பட்டிகளிலிருந்து ஆட்கள் ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். வாழ்நாளில் போட்டோ எடுத்துக்கொள்ளாதவர்களின் முகங்கள் சுவரில் இருந்தன; நடுவயசு ஆண்கள் தங்களைவிடச் சின்னவளாக இருந்த தாயின் முகத்துக்கு முன்னால் வந்து நின்று, தலையைக் கோதிச் சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள். பூக்காரிகள் கூடையோடு வந்து உட்கார்ந்தார்கள். ஓடிப்போன அத்தைக்காக அவமானப்பட்டு வாழ்ந்த குடும்பம் ஒன்று சுவருக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, எங்களை மன்னிச்சிரு தாயி என்று அழுதது. கனி ஒவ்வொரு மத்தியானமும் பள்ளிக்கூடச் சாப்பாட்டு நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுடைய தாய் வரவில்லை.

சாதாரணக் கண்ணீர் அஞ்சலிகளின் அடியில் துயரத்தில் இருப்பவர்களின் பேர்கள் வரிசையாக இருக்கும், மகன்கள், மருமகன்கள், நண்பர்கள், டாக்ஸி ஸ்டாண்டு ஓட்டுநர்கள் என்று. இந்தப் போஸ்டர்களில் அந்த இடம் சில நாட்கள் வெறுமையாக இருந்தது. பிறகு அங்கேயும் எழுத்து ஊறி வந்தது. தோற்றம், மறைவு, அதற்குக் கீழே மறைத்தவர் என்று ஒரு வரி, அதற்குக் கீழே பேர்கள்.

முதலில் வந்தவை பெரிய பேர்கள். செத்துப்போன பெரிய முதலாளி, அந்தக் காலத்துச் சோதனை அதிகாரி, அவர்களோடு சேர்ந்த டாக்டர் ஒருவர். ஊர் அதை ருசித்துப் படித்தது. டீக்கடையில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் தொடையைத் தட்டிக் கேட்டார்கள். முன்பு முதலாளிவீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறியவர்கள்தான் அதிகமாகத் தட்டினார்கள். சின்ன முதலாளி ஆட்களை விட்டுச் சுண்ணாம்பு அடித்தார், சுண்ணாம்பை மீறி எழுத்து வந்தது. தார்ப்பாய் கட்டினார், தார்ப்பாயில் வந்தது. எங்கப்பா காலத்துச் சமாச்சாரம் எனக்கென்ன தெரியும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் சிரித்தது.

பிறகு சின்னப் பேர்கள் வந்தன. உடம்புகளை ஏற்றிப்போன லாரி டிரைவர். கரியைக் கழுவிவிட்டவர். குழி வெட்டியவர். இன்னாரோட போறதைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்ன பால்காரர். ஆள் ஓடிப்போனதாகப் பஞ்சாயத்துப் பேசிப் புருஷன்மாருக்கு மறுகல்யாணம் செய்துவைத்த ஊர்ப் பெரியவர்கள். அண்ணன்கள், மாமனார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேர் வந்தது. டீக்கடைக்காரரின் அப்பா பேர் வந்த அன்று பெஞ்சு மறுபடியும் ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. சுவருக்கு முன்னால் விழுந்து கும்பிட்ட குடும்பம், தாத்தா பேரைப் பார்த்துவிட்டு, இது ஏதோ பில்லி சூனியம் என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனது. இத்தனை வருஷமாகச் செத்தவர்களை மறந்திருந்த ஊர் இப்போது அவர்கள்மேல் கோபப்பட்டது. செத்தமா போனமான்னு இல்லாம எதுக்கு வந்து ஊரைக் கெடுக்காளுக என்று பஸ்ஸில் ஒருவர் சொல்ல, கனி எழுந்து அவரைப் பார்த்தாள். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

அவள் தாய் வந்த அன்று சுவருக்கு முன்னால் கூட்டமே இல்லை. கறுப்புக் கட்டம் வந்தது, எழுத்து வந்தது, நெற்றி வந்தது, புருவம் வந்தது. கனி குடையை மடக்கிக் கீழே வைத்தாள். சுவரில் இருந்தது கயல்விழியின் முகம். மூக்குமட்டும் கொஞ்சம் அகலம், காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி செருகியிருந்தது, கேமராவைப் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள் பார்ப்பதுபோல அல்லாமல், யாரையோ சீக்கிரம் வா என்று கூப்பிடப் போகிறவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலுகந்தாள். தோற்றம் ஒரு தை மாதம். மறைவு அந்தப் பங்குனி. அம்மா கயல்விழியைவிடச் சின்னவள் என்பதைக் கனியால் நம்ப முடியவில்லை. இந்தச் சின்னப் பெண்ணையா அறிவு தெரிந்த நாளிலிருந்து தேவடியா என்று மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அப்போது அடியில் பேர்கள் வந்தன. மறைத்தவர் என்று வந்து, முதல் பேராக, குடும்பப் போஸ்டர்களில் வழக்கமாக வருவதுபோலவே அடைப்புக்குறிக்குள் உறவோடு வந்தது: கோட்டைச்சாமி (கணவர்).

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகாமல் அவள் நேராக வீட்டுக்குப் போனாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ரசம் ஊற்றியிருந்தார்.

"அம்மா வந்துட்டா," என்றாள்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "சுவத்துல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் எல்லாம் இருந்தது. அவளுக்கு வேறெதுவும் கேட்கத் தேவையில்லாமல் போனது, ஆனாலும் கேட்டாள். "உங்க பேருதான் முதல்ல இருக்கு."

"புருஷன் பேரை முதல்லதான போடுவாக."

"ஓடிப்போயிட்டான்னு எப்படிச் சொன்னீக?"

"சொல்லச் சொன்னாக, சொன்னேன். வாட்ச்மேன் வேலை குடுத்தாக. அதுலதான் நீ படிச்ச. அதுலதான் டீச்சரான. இப்ப என்ன கொறஞ்சு போச்சு?"

பிறந்ததிலிருந்து அப்பாவை நீங்க என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய வாய் அப்போது மாறியது. "நான் பஸ்ல ஏறுனா எல்லாப் பொம்பளை மூஞ்சியையும் பாப்பேன். எங்கம்மா மூஞ்சி எனக்குத் தெரியாது, இருந்தாலும் பாப்பேன். எவளாவது ஒருத்தி என்னையப் பாத்துத் தலையைக் குனிஞ்சா, இவதான்னு நெனச்சு, அவ நாசமாப் போகணும்னு வேண்டுவேன். செத்தவளைச் சபிச்சுக்கிட்டே வளந்தேன். நீ அதைப் பாத்துக்கிட்டுத்தான இருந்த? பாத்துக்கிட்டே சாப்பிட்டுக்கிட்டுத்தான இருந்த?"

கோட்டைச்சாமி தட்டில் கையைக் கழுவினார். எழுந்து பின்பக்கம் போய், வீடு கட்டியபோது மிஞ்சிக் கிடந்த கொத்துக்கரண்டியை எடுத்துத் துடைத்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கனி வாசல்வரை வந்து பார்த்தாள். அவர் மேலக் கம்பெனிப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். வெயிலுகந்தாளின் முகத்துக்கு முன்னால் நின்று ஒரு நொடி அவளைப் பார்த்தார் என்று பூக்காரி பிற்பாடு சொன்னாள்; பார்த்துவிட்டுக் குனிந்து தன் பேரைமட்டும் சுரண்ட ஆரம்பித்தாராம்.

அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். கரடியாகக் கத்தினாலும் வீட்டைவிட்டு வெளியே வராத கிழவர்கள் எல்லாம், கையில் கத்தியும் அரிவாளும் கொத்துக்கரண்டியுமாக வந்து, மேற்குச் சுவரின் முன்னால் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆளுக்கு அவரவர் பேரைச் சுரண்டினார்கள். செத்துப்போன அப்பாக்களுக்காக மகன்கள் சுரண்டினார்கள். மருமகள்கள் குடை பிடித்தார்கள், மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் பேரை இன்னொருவர் தொடவில்லை. சுரண்டிய இடம் குழியாகிச் செங்கல் தெரியும். மறுநாள் மத்தியானம் குழிக்குள்ளிருந்து அதே பேர் ஊறி வரும். அவர்கள் மறுபடியும் வந்து உட்காருவார்கள். சிவகாசி பஸ்ஸில் போகிறவர்கள், ஏதோ கோயில் சுவரைப் புதுப்பிக்கிறார்கள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் ஊரே மனுப் போட்டது. முன்பு சின்ன முதலாளியைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது அவர் வீட்டு வாசலில் நின்று சுவரை இடிக்கச் சொன்னார்கள். அவர் சந்தோஷமாக ஜேசிபியை வரவழைத்தார். சுவர் ஒரே காலையில் விழுந்தது. கல்லையும் கப்பியையும் லாரியில் ஏற்றி ஓடையில் கொட்டிவிட்டு எல்லோரும் குளித்துச் சாப்பிட்டார்கள், மத்தியானம் ஊரின் எல்லாச் சுவர்களிலும் செத்தவர்கள் வந்தார்கள். முதலாளியின் கல்யாண மண்டபத்துக் கிரானைட்டில் வந்தார்கள், ரேஷன் கடையில் வந்தார்கள், மறுகல்யாணம் செய்துகொண்ட புருஷன்மாரின் படுக்கையறைச் சுவரில் வந்தார்கள், நிற்கிற பஸ்ஸின் பக்கவாட்டில் வந்து அது போகிற ஊர்களுக்கெல்லாம் போய்வந்தார்கள். சுரண்டுகிறவர்களும் கொத்துக்கரண்டியோடு சுவர் சுவராகப் போனார்கள். கனியின் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புச் சுவரில் இருளாயி வந்திருந்தாள். பிள்ளைகள் எழுத்துக்கூட்டி, ம, றை, த், த, வ, ர் என்று வாசித்தார்கள். தலைமையாசிரியர் ஓடிவந்து அழிக்கச் சொன்னார். கனி, வாசிக்கட்டும் சார், பாடப்புத்தகத்தைவிடப் பெரிய எழுத்தா இருக்கு என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பவுனுத்தாய் அவள் வீட்டுக்கு வந்தாள். நாலு தெரு தள்ளி இருப்பவள், வெயிலுகந்தாளோடு கட்டை அடுக்கியவள், கனி முன்பு வீடு வீடாக விசாரித்தபோது எனக்கு ஞாபகமில்லை என்று கதவைச் சாத்தியவள். மறைத்தவர் வரிசையில் அவள் பேரும் வந்திருந்தது. உட்காரச் சொல்லிக் கனி சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

கம்பெனிக்குப் பின்பக்கம் லைசென்ஸ் இல்லாத ஒரு செட் இருந்தது. சோதனை அதிகாரி வரும் நாட்களில் அதில் வேலை செய்கிற பெண்களை உள்ளே வைத்தே வெளியில் பூட்டிவிடுவார்கள், அது பழைய சாமான் ரூம் என்று காட்டுவார்கள், அதிகாரி போனதும் திறப்பார்கள். அது அங்கே சகஜம், உள்ளே இருக்கிறவர்கள் அந்த நேரத்தில் வேலையை நிறுத்திவிட்டுக் கிசுகிசுத்துக் கதை பேசுவார்கள். அன்றைக்குப் பவுனுத்தாய் கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க வெளியே வந்திருந்ததால் உள்ளே மாட்டவில்லை. செட்டைப் பூட்டியது மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கோட்டைச்சாமி. முதலாளி பூட்டச் சொன்னார், பூட்டினார். சீக்கிரம் வந்து தொறங்க, பிள்ளை தேடுவா என்று உள்ளேயிருந்து வெயிலு சொன்னதும், ம் என்று இவர் சொன்னதும் பவுனுத்தாயின் காதில் விழுந்தன. பிறகு அதிகாரிக்குச் சாப்பாடு வாங்கிவர அவரைக் கடைக்கு அனுப்பினார்கள். சாவி அவர் இடுப்பில் இருந்தது. தீக்குச்சி மருந்து பற்றிக்கொண்டபோது அவர் சாப்பாட்டுக் கடை வரிசையில் நின்றிருந்தார். புகையைப் பார்த்து ஓடிவந்து பூட்டைப் பிடித்தார், பூட்டு பழுக்கக் காய்ந்திருந்தது, கை அதில் ஒட்டிக்கொண்டது. உள்ளே சத்தம் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. அதிகாரி முன்பக்கம் உட்கார்ந்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். இல்லாத செட்டில் இல்லாத பெண்கள் சாக முடியாது அல்லவா, அதனால் அவர்கள் ஓடிப்போனார்கள். யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்பதை முதலாளி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

அப்பாவின் உள்ளங்கைத் தழும்பைக் கனி பலமுறை எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டிருக்கிறாள். அதை நினைத்ததும் அவளுக்கு இரக்கம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. ஓடிவந்தவருக்கு, கை வெந்தவருக்கு, அதற்குப் பிறகு வாயைத் திறக்க இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லையா என்றுதான் தோன்றியது.

"இதை வந்து ஆபீஸ்ல சொல்வீகளா?" என்று கேட்டாள்.

"சொல்றேன். என் பேரையும் சேத்தே சொல்றேன்," என்றாள் பவுனுத்தாய். கனி அப்போதும் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

நாள்பட்ட இறப்பைப் பதியக் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். சுவரில் வந்ததெல்லாம் ஆவணம் ஆகாது என்று முதலில் அந்த ஆபீசில் திருப்பி அனுப்பினார்கள். கனி மறுநாளும் போனாள். அவளோடு ஓடிப்போனவர்களின் மகள்களும் மருமகள்களும் தங்கச்சிகளும் போனார்கள், தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு கலைந்துபோக மறுத்தார்கள். பவுனுத்தாய் முட்டுக்கட்டைபோல வாசலில் நின்று, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னாள். இதற்கிடையில் கோட்டாட்சியர் ஆபீசின் சுவர்களிலும் செத்தவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அமைச்சர் வருகிற நேரம், முகப்பெல்லாம் முகங்கள். பதிந்துவிட்டால் போய்விடுவார்கள் என்று யாரோ கோட்டாட்சியர் காதில் சொல்ல, அவர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். போய்விடுவார்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அவர் கேட்கவில்லை.

நகராட்சியின் பிறப்பு இறப்புப் பிரிவில் சின்ன வயசு எழுத்தர் ஒருவர் இருந்தார். கனியை உட்காரச் சொல்லி, உத்தரவைப் படித்து, கம்ப்யூட்டரைத் திறந்தார். இறந்தவர் பேர் கேட்டார், சொன்னாள். ஊர் கேட்டார், சொன்னாள். கணவர் பேர் கேட்டார். அந்தக் கட்டத்தை விட்டுவிட முடியுமா என்று கேட்டாள். கல்யாணமானவுக என்றால் விட முடியாது மேடம் என்றார். சொன்னாள். அவர் அடித்தார்.

"மரணத்துக்குக் காரணம்," என்று சொல்லிக்கொண்டே, அவளைக் கேட்காமல், திரையில் இருந்த வரிசையில் கீழே இறங்கித் தீ விபத்து என்பதைத் தேர்ந்தெடுத்தார்.

"விபத்துன்னு போடாதீங்க சார்."

"நெருப்புல எரிஞ்சுதான மேடம்..."

"நெருப்பு இல்ல. கதவை வெளியில பூட்டியிருந்துச்சு. அதனால செத்தா. அதைப் போடுங்க."

இதில் இருக்கிறதைத்தான் போட முடியும், இல்லாததை அடிக்க முடியாது என்று அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். மாரடைப்பு இருந்தது, முதுமை இருந்தது, பாம்புக்கடி இருந்தது. பூட்டு இல்லை. அப்படியானால் கையால் எழுதுங்கள் என்றாள் கனி. கையால் எழுதுகிற காலமெல்லாம் போய்விட்டது என்று அவர் சொல்லப்போய், அவளுக்குப் பின்னால் அறையிலும் அறைக்கு வெளியே படிக்கட்டிலும் அதற்குக் கீழே வேப்பமரத்து நிழல்வரையும் நின்றுகொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். அவர்களில் யாரும் சத்தம் போடவில்லை. அவர் எழுந்து பீரோவைத் திறந்து பழைய படிவக் கட்டு ஒன்றைத் தட்டி எடுத்து, பேனாவை உதறி, பேரும் ஊரும் கணவர் பேரும் மறுபடி எழுதினார். காரணம் என்ற இடத்தில், வெளிப்புறமாகப் பூட்டப்பட்ட கதவு என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். எழுதி முடித்து, சரியா என்பதுபோல அவளைப் பார்த்தார்.

அப்போதுதான் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவர் மேஜைக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், இரும்பைச் செங்கல்லில் வைத்து இழுக்கிற சத்தம், நின்று நின்று, விடாமல்.

"யாரு அது, சுவத்தைச் சுரண்டுறது?"

கனி திரும்பிப் பார்க்கவில்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, மை காயாத எழுத்தின்மேல் படாமல், கணவர் பேர் என்ற கட்டத்துக்கு அடியில் விரலை வைத்தாள்.

"இந்தா எழுதியிருக்கீகள்ல. இவருதான்."

சொல்லிவிட்டு எழுந்து, பின்னால் நின்ற இருளாயியின் மகளுக்கு நாற்காலியை விட்டுக் கொடுத்தாள்.